குருத்தைப் பார்த்து வாங்குங்க!

தென்னந்தோப்புக்குள் நுழைகிற விவசாயி முதலில் அண்ணாந்து குருத்தைத்தான் பார்ப்பார். காண்டாமிருக வண்டு தின்றிருந்தால் விரிகிற ஓலை கத்தரிக்கோலால் வெட்டியது போல இருக்கும். குருத்தழுகல் என்றால் நடுக்குருத்து வெளுத்துச் சாயும். கீழ்மட்டைகள் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் மரத்தின் நிலைமையைச் சொல்வது குருத்துதான். பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ரோஸ் நிற இலைச்செடிகள் விற்கும் அந்தப் பெண்மணிக்கு இந்தப் பாடம் தெரியாதது இல்லை. இருந்தாலும் வீட்டுக்குள் வைக்கிற செடிக்கும் அது பொருந்தும் என்று புரிந்துகொள்ள அவருக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது.

குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் தென்னை. 2016-ல் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சிப் பகுதியில் தலைகாட்டியபோது இவர்கள் தோப்பும் தப்பவில்லை. ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக வட்டம் போட்டு ஈ உட்கார்ந்தது. அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழே சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே கரியைப் பூசியது போல ஆனது. மஞ்சள் ஒட்டும் பொறி கட்டினார்கள், விசைத்தெளிப்பானால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், மைதா மாவுப் பசை தெளித்தார்கள். ஈ குறைந்தது, காய்ப்பும் கூடவே குறைந்தது. கையில் வேறொரு வருமானம் வேண்டும் என்றுதான் வீட்டை ஒட்டி 5 சென்ட் இடத்தில் நிழல்வலை கட்டி அவர் நர்சரி ஆரம்பித்தார். முதலில் செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லிகைப் பதியன்கள். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி கேட்டார்கள். “வீட்டுக்குள்ள வைக்கற செடி இருக்குதுங்களா? ரோஸ் கலர் இலை வருமே, அது?”

40 செடி, 18,000 ரூபாய்

2021 தை மாதம் வெளியூர் வியாபாரி ஒருவர் போனில் படம் அனுப்பினார். பிலோடென்ட்ரான் வகை, கையகல இலை, உச்சியில் நான்கைந்து இலைகள் பளீரென்று ரோஸ். செடி ஒன்று 450 ரூபாய். மகளிர் குழுவில் வாங்கிய கடனில் 18,000 ரூபாயை எடுத்து 40 செடிகள் இறக்கினார். ஒன்று 750 ரூபாய்க்கு விற்றது. இரண்டு மாதத்தில் 14 செடிகள் போய்விட்டன. அவ்வளவு வேகமாக அந்த நர்சரியில் எதுவும் விற்றதில்லை.

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமியார்தான் முதலில் கேட்டார். “ஏன் அம்மிணி, மேல இருக்கற இலையெல்லாம் ரோஸா இருக்குது. குருத்து மட்டும் பச்சையா வருது. அடி இலையும் பச்சை. நடுவுல மட்டும் எப்படி நிறம் வந்துச்சு?”

அவர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். 26 தொட்டிகளிலும் அதே கதை. பச்சை அடி இலைகள், நடுவில் ரோஸ், உச்சியில் புதிதாகச் சுருள் பிரியும் இலை நல்ல பச்சை. சில செடிகளில் ரோஸ் இலைகளின் நரம்பு ஓரமாகவும் பச்சை ஊறத் தொடங்கியிருந்தது.

வியாபாரிக்குப் போன் போட்டார். அவர் மறைக்கவெல்லாம் இல்லை. “அது மருந்து கொடுத்துக் கொண்டுவர்ற நிறங்க. ஆறு மாசம் வரைக்கும் நிக்கும். அதுக்குள்ள வித்துருங்க” என்றார், தக்காளி அழுகுவதற்குள் விற்கச் சொல்வது போல.

பிலோடென்ட்ரானில் ‘பிங்க் காங்கோ’ என்று விற்கப்படும் செடியின் விஷயம் இதுதான். இயல்பில் அது பச்சை இலைச்செடி. ரசாயனம் கொடுத்து, அந்தச் சமயத்தில் விரிகிற இலைகளை மட்டும் ரோஸாக வரவைக்கிறார்கள். மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிவிடும். வெளிச்சத்தைக் கூட்டினாலும் உரம் போட்டாலும் அந்த ரோஸ் திரும்ப வராது.

தாம்பூலத்தோடு 20 செடி

அதே வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கிரகப்பிரவேசம் வைத்திருந்தார்கள். முக்கியமான விருந்தாளிகளுக்குத் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு செடி கொடுக்க 20 வேண்டும். ரோஸ் இலைகள் அப்போது நன்றாகத்தான் இருந்தன. செடி 700 ரூபாய்க்குப் பேசி, 14,000 ரூபாய்க்குச் சரி என்றார்கள். குழுக் கடனின் தவணை அடுத்த திங்கட்கிழமை.

முன்தொகை வாங்கப்போகும் நேரத்தில் அவர் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வீட்டுக்குள் போனார். வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: “அவங்க கேக்கறதைத்தான நாம குடுக்கறோம். நிறம் மாறுமான்னு அவங்களும் கேக்கல.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மாதம் தேங்காய் விலை அப்படி. திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார் மட்டும், “புது வீட்டுக்குப் போறவங்க கையில குடுக்கறது” என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

வெளியே வந்து அவர் சொல்லிவிட்டார். “ஏனுங்க, இது ஆறு மாசத்துல பச்சையாயிருமுங்க. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. நிறம் நிக்கற செடி வேணும்னா வேற காட்டறனுங்க.” வந்தவர்களின் முகம் சட்டென்று மாறிவிட்டது. இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் மகிழ்ச்சியாகப் போயிருப்பார்கள் என்பதுபோல ஒரு சங்கடம். கடைசியில் ரோஸ் சிங்கோனியம் தொட்டி 100 ரூபாய் வீதம் 20 எடுத்துக்கொண்டார்கள். 14,000 வரவேண்டிய இடத்தில் 2,000 வந்தது.

ஏற்கெனவே விற்ற 14 செடிகளில் 11 பேரின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. அன்று ராத்திரி ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். ஆறு பேர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நான்கு பேர் பதிலுக்கு அக்லோனிமா எடுத்துப் போனார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மட்டும், “பச்சையா இருந்தாலும் அது நான் வளர்த்த செடி, இருக்கட்டும் விடும்மா” என்று சொல்லிவிட்டார். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போன மூன்று பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மீதி இருந்த 26-ல் 25-ஐப் பச்சைச் செடி என்றே சொல்லி, தொட்டி 150 ரூபாய்க்கு ஒரு வருடம் உட்கார்ந்து விற்றார். கணக்குப் பார்த்தால் 8,250 ரூபாய் நட்டம், அதுபோக நான்கு அக்லோனிமா. தவணைக்குக் கம்மல் அடகுக்குப் போனது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

அதன் பிறகுதான் அவர் செடிகளை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார். ரோஸ் என்றாலே பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மாந்தளிர் தாமிரச் சிவப்பாகத்தான் வருகிறது. ஆந்தோசயனின் என்ற நிறமி இளந்தளிரில் கூடுதலாக இருப்பதால் அந்த நிறம். இலை முற்றும்போது பச்சையம் பெருகி மேலோங்கிவிடும். ரோஸ் இலைச்செடிகள் பலவற்றிலும் இதே நிறமிதான் வேலை செய்கிறது. பச்சையம் குறைவாக உள்ள இடத்தில் அது பளிச்சென்று தெரியும்.

இதில் விவசாயிக்கு எளிதில் புரிகிற ஒரு கணக்கு இருக்கிறது. சமைப்பது பச்சையம். ரோஸ் பகுதியில் பச்சையம் குறைவு என்பதால் அந்த இலை தயாரிக்கும் உணவும் குறைவு. ஆகவே ரோஸ் அதிகமுள்ள செடி மெதுவாக வளரும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், வெயிலில் சீக்கிரம் கருகும். வெளிச்சம் போதாத மூலையில் வைத்தால் பச்சையத்தைக் கூட்டிக்கொண்டு பிழைக்கப் பார்க்கும், நிறம் மங்கும். பராமரிப்பு முழுவதும் இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடுகிறது.

எதை வாங்கலாம்?

புதிதாக வளர்ப்பவர்களுக்கு அவர் முதலில் காட்டுவது சிங்கோனியம். இளம் இலை ரோஸாக வரும். வயதானதும் சற்றுப் பச்சை கலக்கும். மாந்தளிர் மாதிரிதான், அதில் ஏமாற்று இல்லை. கணுவோடு ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். ஒரு தாய்ச்செடியிலிருந்து வருடம் முழுக்கச் செடி எடுக்கலாம் என்பதால் விற்பவருக்கும் லாபம்.

அடுத்தது அக்லோனிமா. தென்கிழக்கு ஆசியக் காடுகளின் அடிநிழலில் வளர்வது. பழைய வகைகள் பச்சையும் வெள்ளியும்தான். சுமத்ரா தீவின் சிவப்புச் சாயல் கொண்ட காட்டு இனத்தை ஒட்டுச்சேர்த்து, 1980-களில் இந்தோனேசியாவின் கிரெகோரி ஹம்பாலி ‘பிரைட் ஆஃப் சுமத்ரா’ என்ற வகையை உருவாக்கினார். இன்று சந்தையில் இருக்கும் சிவப்பு, ரோஸ் அக்லோனிமாக்களுக்கு அப்படித்தான் வழி திறந்தது. இது இனச்சேர்க்கையில் வந்த நிறம் என்பதால் செடி இருக்கும்வரை இருக்கும். இளம் இலை சற்று வெளுத்து வந்து, பிறகு நிறம் ஏறும். எனவே இதில் இலைக்காம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். பல ரோஸ் வகைகளில் காம்பும் அதே நிறத்தில் இருக்கும்.

கலேடியம் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்குச் செடி. மழைக்காலத்தில் இதன் அழகுக்கு ஈடு இல்லை. வாசல் ஓரம், தோட்டம் என்றால் கார்டிலைன் நல்லது. உச்சி இலைகள்தான் அதிக நிறமாக இருக்கும், கொஞ்சம் வெயிலையும் தாங்கும். மேசைமேல் வைக்கச் சிறிய செடி கேட்பவர்களுக்கு ரோஸ் நரம்போடும் ஃபிட்டோனியா. தண்ணீர் மறந்தால் மயங்கி விழும், ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். மறதிக்காரர்களுக்கு அதைக் கொடுக்க மாட்டார்.

‘பிங்க் பிரின்சஸ்’ என்ற பிலோடென்ட்ரானைக் கேட்பவர்களும் உண்டு. அதன் நிறம் மருந்தால் வந்ததில்லை. தண்டின் வளர்நுனியில் பச்சையம் உருவாகாத செல்களும் உருவாகும் செல்களும் கலந்திருப்பதால், கரும்பச்சை இலையில் ரோஸ் திட்டுகள் விழுகின்றன. ஆனால் அந்தக் கலவை நிலையானதில்லை. முழுப் பச்சையாகப் போனால், தண்டில் ரோஸ் கோடு இருக்கும் கணுவரை வெட்டிவிட வேண்டும். அங்கிருந்து வரும் கிளையில் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. முழுக்க ரோஸாகப் போனாலும் ஆபத்துதான், சமைக்கப் பச்சையம் இல்லாத செடி நாளடைவில் நலிந்துபோகும். ஒரு கணக்குத் தெரியாமல் இதில் ஆயிரக்கணக்கில் பணம் போட வேண்டாம் என்பது அவருடைய யோசனை.

மண்ணும் தண்ணீரும்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆலையிலிருந்து வரும் கழிவை அப்படியே போட்டு ஆரம்பத்தில் ஐம்பது நாற்றுகளைக் கருக வைத்திருக்கிறார். அதில் உப்பு அதிகம். இப்போது மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துகிறார். கழுவிய நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, கரியாக்கிய உமி 1 பங்கு. இதுதான் அவருடைய கலவை. தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். மேல்மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இந்தச் செடிகள் காய்ந்து சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம்.

ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி பழுப்பாகும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது. தழைச்சத்து உரத்தைக் கொட்டினால் இலை பெருக்கும், நிறம் குறையும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். தோப்பு ஓரத்து நர்சரி என்பதால் வெள்ளை ஈயின் பிசுபிசுப்பு இன்னும் இலைகளில் படிகிறது. வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைப்பது மாமியாரின் வேலை. துடைக்கும்போதே குருத்தையும் பார்த்துவிடுகிறார்.

நோட்டில் இருக்கும் கேள்விகள்

செடி வாங்கியவர்கள் போனில் கேட்பதையும், தான் சொன்ன பதிலையும் அவர் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். அடிக்கடி வரும் கேள்விகள் சில.

“ரோஸ் இலை பச்சையாகிக்கிட்டே வருது, என்ன பண்றது?”

செடியை வெளிச்சத்துக்குப் பக்கமாக நகர்த்துங்கள். விளக்குப் போடாமல் பகலில் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் வேண்டும். கிழக்குப் பார்த்த ஜன்னல் சிறந்தது. மதியம், சாயங்கால வெயில் நேரடியாகப் படக்கூடாது. அடுத்து வரும் இலைகளில் வித்தியாசம் தெரியும். பழைய இலையில் போன நிறம் பெரும்பாலும் திரும்பாது.

“கலேடியம் மார்கழியில செத்துப்போச்சுங்க.”

சாகவில்லை, தூங்குகிறது. இலை மஞ்சளாகிச் சாய ஆரம்பித்ததும் தண்ணீரைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடுங்கள். கிழங்கைத் தொட்டியோடு மழை படாத இடத்தில் வைத்து, சூடு தொடங்கியதும் புது மண்ணில் நட்டுத் தண்ணீர் காட்டினால் துளிர்க்கும். மஞ்சள் கிழங்கை எடுத்து வைத்து நடுகிற நமக்கு இது புதிதில்லை.

“ஏசி ரூம்ல வைக்கலாமா?”

சிங்கோனியமும் அக்லோனிமாவும் வைக்கலாம். குளிர்காற்று நேராக இலைமேல் அடிக்காத இடமாகப் பாருங்கள். ஃபிட்டோனியாவுக்கு ஈரக்காற்று வேண்டும், அதை வைக்காதீர்கள்.

“இலை இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்குது.”

மாவுப்பூச்சி. அந்தச் செடியை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். ஈரப்பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

“குழந்தை இருக்கற வீடுங்க, பரவாயில்லையா?”

அக்லோனிமா, சிங்கோனியம், கலேடியம், பிலோடென்ட்ரான் எல்லாம் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம். கருணை ஏன் நாக்கை அரிக்கிறதோ, அதே காரணத்தால் இவற்றை மென்றாலும் வாயும் தொண்டையும் எரியும். குழந்தைக்கும் நாய், பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கம்மல் அடுத்த வருடம் திரும்பி வந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்குச் சிங்கோனியம் வாங்கிய குடும்பம் பிறகு இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டு முறையும் ஆளோடு. 26-ல் விற்காமல் வைத்த ஒரு செடி நர்சரி வாசலில் பெரிய தொட்டியில் இடுப்புயரம் நிற்கிறது. முழுப் பச்சை. நல்ல ஆரோக்கியமான செடி அது, அதன்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை.

அந்த வியாபாரி இன்றைக்கும் புதுப்புதுப் பெயரில் படங்கள் அனுப்புகிறார். இவர் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறார்: “குருத்தை மட்டும் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.” சில செடிகளுக்குப் படம் வரும், ஆர்டர் கொடுப்பார். சிலவற்றுக்கு வராது.